தோடி காந்தாரத்துக்கு ஒரு மத்தியானம்

வில்லும் விரலும்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் கோடை விடுமுறை வயலின் முகாம்களைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜை இழுப்பறையில் அடங்கவில்லை. இந்த முறை முழுக்க அந்த முகாம்களில் நடக்கிற ‘மாஸ்டர் கிளாஸ்’தான்: ஒருவர் வாசிக்க, வித்வான் திருத்த, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிற வகுப்பு. ‘என் வயலினில் எலி கடித்துவிட்டது’ என்று எழுதிய பட்டுக்கோட்டை அன்பர் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் ஒன்பது வருடமாக உள்ளூர் ஆசிரியரிடம் வயலின் கற்கிறாள். வர்ணங்களும் நாற்பது கீர்த்தனைகளும் வாசிப்பாள். சென்னையில் ஒரு பெரிய வித்வான் நடத்தும் ஐந்து நாள் மாஸ்டர் கிளாஸுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கொடுத்தால் பிரயோஜனம் உண்டா?
– ஒரு தந்தை, சேலம்

கணக்காகவே பார்த்துவிடலாம். முப்பது பிள்ளைகள் வருவார்கள் என்று வையுங்கள். வித்வான் தினம் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து நாளில் இருபது மணி. உங்கள் மகளுக்கென்று கிடைப்பது நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்துக்காகத்தான் பணம் என்றால் அனுப்பாதீர்கள். மிச்சமுள்ள பத்தொன்பது மணி இருபது நிமிஷத்துக்காக என்றால் கடன் வாங்கியாவது அனுப்புங்கள்.

ஏன் என்று சொல்ல என் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. திருச்சியில் ஒரு சபாவின் பின்கட்டில் மூன்று நாள் வகுப்பு. வந்த வித்வான் பெயர் வேண்டாம், கோபக்காரர். நான் பைரவி ராகத்து அட தாள வர்ணத்தை, அதாவது கைக்குப் பயிற்சி தருகிற ஓர் உருப்படியை எடுத்தேன். இரண்டாவது வரியில் கையை உயர்த்தி நிறுத்தினார். “எல்லாம் இருக்கு, ஒண்ணும் இல்லை. அடுத்த ஆள்” என்றார். அவ்வளவுதான், எனக்கான மாஸ்டர் கிளாஸ் முடிந்தது. கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, சுவரோரமாக வந்து உட்கார்ந்தேன்.

அடுத்த ஆள் புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். தோடி ராகத்தில் ஆலாபனை, அதாவது வார்த்தையில்லாமல் ராகத்தை விரிக்கிறது. மூன்றாவது ஸ்வரமான காந்தாரத்தில் நின்றான். அவ்வளவுதான், சாப்பாட்டு நேரம் தாண்டியும் அந்தக் காந்தாரத்தை விட்டு அவனை நகரவே விடவில்லை.

தோடி காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை என்பது உங்கள் மகளுக்குத் தெரியும். முந்தைய ஸ்வரமான ரிஷபத்துக்கும் அடுத்த ஸ்வரமான மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாட வேண்டும். பையனின் விரல் சரியாகத்தான் போய் வந்தது. ஆனால் விரல் மேலே ஏறும் ஒவ்வொரு தடவையும் வில்லும் கூடச் சேர்ந்து ஓர் அழுத்து அழுத்தியது. மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுகிற மாதிரி ‘ஊம்… ஊம்…’ என்று கேட்டது. வித்வான் வில்லை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். வெறும் இடது கையை மட்டும் ஆட்டச் சொன்னார். அப்புறம் வில்லைக் கொடுத்து, இடது கையை எடுத்துவிட்டு, வெறும் ஷட்ஜத் தந்தியில் அடியிலிருந்து நுனி வரை எட்டு எண்ணி இழுக்கச் சொன்னார். சத்தம் நூல் பிடித்த மாதிரி வந்தது. “இப்போ இதுவும் அதுவும் ஒருத்தரை ஒருத்தர் கண்டுக்காம இருக்கணும்” என்று சொல்லி இரண்டையும் சேர்த்தார். முப்பது தடவை சேரவில்லை. அதற்கப்புறம் ஒரு தடவை சேர்ந்தது. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. நான் தாவணித் தலைப்பைத் தந்தி மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பார்த்தால் என்னிடமும் அதே மாட்டு வண்டி. எட்டு வருஷமாக இருந்திருக்கிறது. என் குருவின் காதில் ஏன் விழவில்லை? அவர் எப்போதும் என்னோடு சேர்ந்து வாசித்துத்தான் சொல்லிக்கொடுப்பார். அவருடைய நாதம் என் குறையைப் போர்த்தி மூடிவிடும். அன்பான குருக்களிடம் இது ஓர் ஆபத்து. இன்னொன்று, நான் வாசிக்கும்போது என் காதும் பாதி லீவில் இருக்கும். விரல், வில், தாளம், அடுத்த சங்கதி என்று மனசு பத்து இடத்தில் அலையும். இன்னொருத்தர் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போதுதான் முழுக் காதும் திறக்கிறது.

அதனால் மகளிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். புதிதாகப் பாடம் பண்ணிய பெரிய கிருதியைக் கொண்டுபோகக் கூடாது. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கிற ஒரு வர்ணம் போதும். அது தடுமாறாது என்பதால் வித்வான் கையை, நாதத்தைக் கவனிப்பார். கிருதியே தடுமாறினால் ‘நன்றாகப் பாடம் பண்ணிக்கொண்டு வா’ என்பதோடு நாற்பது நிமிஷமும் கரைந்துவிடும். இரண்டாவது, சக மாணவர்கள் வாசிக்கும்போது போனை நோண்டக் கூடாது.

ஐந்து நாளில் ஆள் மாறிவிடுவாள் என்று மட்டும் நினைக்காதீர்கள். லால்குடி ஜயராமன், டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் என்று மூன்று வயலின் மேதைகளைச் சேர்த்துச் சொல்வோமே, மூன்று பேருக்கும் முதல் குரு அவரவர் அப்பாதான். காலையில் கண் விழித்தால் வாத்தியார் எதிரே நிற்கிற வீடு. உங்கள் ஊர் ஆசிரியர் ஒன்பது வருஷமாகச் செய்துவருவது அந்த வேலையைத்தான். முகாமுக்குப் போகுமுன் அவரிடம் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. திரும்பி வந்ததும் முதலில் அவர் முன்னால் வாசிக்கட்டும்.

முகாமில் வித்வான் என் போவிங்கை (வில் போடும் முறையை) மாற்றச் சொன்னார். சாகித்யத்தின் (பாட்டு வரிகளின்) சொல்லுக்கு ஏற்ப வில் மாற்ற வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து என் குருவிடம் சொன்னேன். “ஆறு வருஷமா நான் சொன்னது தப்பா?” என்று கோபித்துக்கொண்டார். யார் சொல்வதைக் கேட்பது?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

அம்மாடி, இதில் வயலின் பிரச்சினை கால் பங்கு, வாய்ப் பிரச்சினை முக்கால் பங்கு.

முதலில் வயலின். தியாகராஜரின் ‘எந்தரோ மஹானுபாவுலு’ கீர்த்தனை உனக்குப் பாடமாகியிருக்கும். முதல் வரியை வில் மாறும் இடத்தை மட்டும் கவனித்துக்கொண்டு வாசித்துப் பார். ‘மஹா’வோடு ஒரு வில் முடிந்து ‘னுபாவுலு’ அடுத்த வில்லில் வெட்டென்று ஆரம்பித்தால், வார்த்தை தெரிந்தவர் காதில் அது உறுத்தும். பாடுகிறவர் அந்த இடத்தில் மூச்சு விடுவாரா? மாட்டார். பாடுகிறவர் மூச்சு விடுகிற இடம்தான் வில் மாறுகிற இடம். வாய்ப்பாட்டைப் போலவே வயலின் பேச வேண்டும் என்பதை லால்குடி ஒரு பாணியாகவே நிலைநாட்டினார். உன் வித்வான் சொன்னது அதைத்தான். உன் குரு ஸ்வரத்துக்கு ஒரு வில் சொல்லிக்கொடுத்ததும் தப்பில்லை. ஆரம்பப் பாடங்களான வரிசைகளிலும் அலங்காரத்திலும் அப்படிப் பழகாத கைக்கு, அந்த நேரத்திலேயே கற்பனை செய்து வேகமாக வாசிக்கிற துரித கால கல்பனாஸ்வரத்தின்போது கூர்மை வராது. அது அடித்தளம், இது மாடி. மாடி ஏறச் சொன்னவர் அடித்தளத்தை இடிக்கச் சொல்லவில்லை.

அடுத்து வாய். “அங்கே இப்படிச் சொன்னாங்க” என்று குருவிடம் ஒருநாளும் ஆரம்பிக்காதே. எத்தனை பெரிய மனுஷருக்கும் சுருக்கென்று இருக்கும். நானே முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கும் இருக்கும். மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு கீர்த்தனையைச் சொல்லுக்கேற்ற வில்லோடு பழகு. ஒருநாள் அவர் முன்னால் வாசி. “அட, இது நல்லா இருக்கே” என்று அவரே சொல்வார். சொல்லவில்லை என்றால் நீ இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

டொரன்டோவில் இருக்கிறோம். 14 வயது மகன் மேற்கத்திய வயலினில் எட்டாம் கிரேடு. கர்நாடக வயலினும் கற்கிறான். மேற்கத்திய மாஸ்டர் கிளாஸில் தோளில் பிடித்து வைப்ரேட்டோவுடன் வாசிக்கச் சொல்கிறார்கள். கர்நாடக வகுப்பில் உட்கார்ந்து கமகத்தோடு (ஸ்வரத்தை அசைத்து). ஒன்றை விட்டுவிடச் சொல்லலாமா?
– ஒரு தாய், ஸ்கார்பரோ

விடச் சொல்லாதீர்கள். இரண்டாவது வயலின் வாங்கிக் கொடுங்கள். ஒரே கருவியை ஒருநாள் மேற்கத்திய முறையில் ஜி-டி-ஏ-இ என்றும் மறுநாள் நம் முறையில் ச-ப-ச-ப என்றும் மாற்றி மாற்றிச் சுருதி சேர்த்தால் தந்திகள் சீக்கிரம் போகும், பிரிட்ஜும் சாய ஆரம்பிக்கும். மலிவான வயலின் ஒன்று கர்நாடகத்துக்கென்று இருக்கட்டும்.

பிடிப்பு வேறுபடுவதற்குக் காரணம் உண்டு. வயலினின் தலை நம் வலது கணுக்கால் பக்கம் ஊன்றி நிற்கிறது. கருவியின் பாரம் இடது கையில் இல்லாததால் அந்தக் கை தந்தி நெடுக வழுக்கிப் போய் வர முடிகிறது. ஜாரு என்கிற வழுக்கலும் கம்பிதம் என்கிற அசைவும் அப்படித்தான் பிறக்கின்றன. மேற்கத்தியர்கள் நின்றுகொண்டு மோவாய்க்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறார்கள். வைப்ரேட்டோ ஒரே ஸ்வரத்தைச் சுற்றி மெல்ல நடுங்குவது. கம்பிதம் ஒரு ஸ்வரத்திலிருந்து பக்கத்து ஸ்வரம் வரை போய் வருவது. பையன் இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழம்புகிறானா என்று மட்டும் பாருங்கள். மோகன ராகத்துக் காந்தாரத்தில் நிற்கும்போது அவன் கை தானாக நடுங்கினால் மேற்கு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அதட்டாமல், தம்புராவோடு கையை ஆடவிடாமல் நீளமாக நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள், போய்விடும்.

மற்றபடி இந்த வாத்தியமே அங்கிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்த வாத்தியத்தைத்தான் நாம் இன்றைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கச்சேரி செய்கிறோம். நம் காலத்தில் வயலின் வித்வான் எல். சுப்ரமணியம் இருக்கிறார். அப்பாவிடம் கர்நாடகம், அப்புறம் சென்னையில் டாக்டர் படிப்பு, அதற்கும் அப்புறம் கலிஃபோர்னியாவில் மேற்கத்திய இசையில் முதுகலை. உங்கள் பையனுக்கு இரண்டு விஷயம்தான்!

மாஸ்டர் கிளாஸ் என்பதும் மேற்கத்தியர் ஊர் வழக்கம்தான். ஜெர்மனியின் வைமரில் பியானோ மேதை லிஸ்ட் நடத்தியதிலிருந்து அது பரவியது என்பார்கள். வயலினுக்கு லியோபோல்ட் அவுவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கன்சர்வேட்டரியில் 1868 முதல் 1917 வரை சொல்லிக்கொடுத்தார். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டும். அப்படி உட்கார்ந்து கேட்டவர்களில் ஒரு சிறுவன்தான் பின்னாளில் வயலின் மேதையான ஹைஃபெட்ஸ். அந்த ஹைஃபெட்ஸ் பின்னாளில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்பை 1962-ல் படம் பிடித்திருக்கிறார்கள். பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்காது மனுஷருக்கு. என் திருச்சி வித்வானுக்குச் சித்தப்பா என்று சொல்லலாம்.

மேல்நிலைக்குப் போக தினம் எத்தனை மணி நேரம் சாதகம் (பயிற்சி) செய்ய வேண்டும்?
– ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பத்தாயிரம் மணி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 1993-ல் எரிக்சன் என்பவரும் இன்னும் இருவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. மேற்கு பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அந்த எண் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்த பயிற்சியின் சராசரிதான், தாண்டினால் பரிசு தருகிற கோடு இல்லை. அதே ஆய்வில் யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. நன்றாக வாசித்தவர்கள் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் அறுக்கவில்லை. ஒன்றரை மணிக்குள் நிறுத்தி இடைவெளி விட்டார்கள், மத்தியானம் தூங்கினார்கள். நீயும் தூங்கு. அம்மா திட்டினால் இந்தப் பக்கத்தைக் காட்டு.

ஆன்லைன் மாஸ்டர் கிளாஸ் போதாதா?
– வாசகி, மதுரை

திருத்தம் கேட்டுக்கொள்ளப் போதும். சேர்ந்து வாசிக்க முடியாது. சத்தம் போய்ச் சேர ஆகும் துளித் தாமதமே தாளத்தைக் குலைத்துவிடும். இன்னொரு தொல்லை, இந்தச் செயலிகள் தம்புராவையும் நீண்ட வில்லையும் ஃபேன் சத்தம் என்று நினைத்துக்கொண்டு வெட்டிவிடும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு உட்காருங்கள். காமிரா முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, வலது மணிக்கட்டும் பிரிட்ஜும் தெரிந்தால் போதும். என் மாணவி ஒருத்தி ஆறு மாதம் எனக்குத் தன் அழகான நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள்.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாக வயலின் கற்கிறேன். இப்போதுதான் கீதம் என்ற ஆரம்பப் பாடம். பெரிய வித்வான்கள் வகுப்பில் வெறுமனே உட்கார்ந்து கேட்க வெட்கமாக இருக்கிறது. போகலாமா?
– வயது 61, தஞ்சாவூர்

போங்கள் சார். வாசிக்காமல் கேட்க மட்டும் வருகிறவர்களுக்குப் பல இடங்களில் கட்டணம் குறைவு, கேட்டுப் பாருங்கள். முன்வரிசைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். வித்வானின் வலது கை மறைக்காத பக்கமாக ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். ராகம் புரியாவிட்டாலும் முழங்கை எப்போது அசைகிறது, மணிக்கட்டு எப்போது அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள். கீதம் வாசிக்கிற கைக்கும் அதே முழங்கைதான். சம்மணம் போட முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் நாற்காலி கேளுங்கள், தருவார்கள். நானும் இப்போதெல்லாம் நாற்காலிதான்.