எல்வுட் எண்ணெய் வயல் தாக்குதல்: 23ஆ, 24ஆ?

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று எல்வுட் எண்ணெய் வயலைச் சுட்டது பிப்ரவரி 23ஆ, 24ஆ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு தேதியும் சரி. கட்டுரையில் 1942 பிப்ரவரி 23 என்று போடுங்கள். சம்பவம் நடந்தது கலிபோர்னியாவில்.

நீங்கள் பார்த்த 24 ஜப்பானியக் கணக்காக இருக்கும். ஐ-17 என்ற அந்த நீர்மூழ்கி சுடத் தொடங்கியது எல்வுட்டில் இரவு ஏழு மணிக்குப் பிறகு, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசிக்கொண்டிருந்த நேரம். அப்போது டோக்கியோவில் மறுநாள் காலை பதினொன்று தாண்டிவிட்டது. அமெரிக்கர் டிசம்பர் 7 என்று எழுதும் பேர்ல் ஹார்பர் தாக்குதலை ஜப்பானியர் டிசம்பர் 8 என்று எழுதுவதும் இதனால்தான்.

உங்களிடம் உள்ள குறிப்பில் ‘லாஸ் ஏஞ்சலஸ்’ என்ற பெயர் வருகிறதா பாருங்கள். வந்தால் அது வேறு சம்பவம். 24 இரவு தொடங்கி 25 விடியும்வரை அங்கே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் வானத்தைப் பார்த்து முழங்கின. எதிரி விமானம் ஒன்றுகூட வரவில்லை. முந்தைய நாள் எல்வுட் கிளப்பிய பீதிதான் பாதிக் காரணம்.

சேதத்தைப் பெரிதாக்கி எழுத வேண்டாம். 1928இல் எண்ணெய் கண்ட வயல் அது, கரையோரமே கிணறுகளும் துறைமேடைகளும். குறி வைக்க அதைவிட வசதியான இடம் கிடைக்காது. அப்படியும் ஒரு துறைமேடையும் பம்ப் அறையும் கொஞ்சம் அடிபட்டதோடு சரி. யாரும் சாகவில்லை.

அப்புறம், ஐ-17இன் தளபதி நிஷினோ போருக்கு முன் எல்வுட்டில் கள்ளிச்செடியில் விழுந்து அவமானப்பட்டதற்குப் பழிவாங்கினார் என்ற கதை. சுவையான கதைதான், ஆனால் ஆதாரம் பலவீனம். சேர்த்தால் ‘என்பார்கள்’ போட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.