போராட்டம் படிப்பைக் கெடுக்குமா?

கேள்வி: "போராடுகிற மாணவர்கள் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்" என்கிறார் அப்பா. போராட்டத்தால் படிப்பே மாறியது உண்டா, ஐயா?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: உண்டு அம்மா. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி, 1968 நவம்பர் 6. கறுப்பின மாணவர் சங்கமும், பல சிறுபான்மை மாணவர் அமைப்புகளின் கூட்டணியான மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் வகுப்புகளைப் புறக்கணித்தன. கோரிக்கைகள் 15. 'எங்கள் சனங்களின் வரலாற்றைச் சொல்லித்தரத் தனித் துறை வேண்டும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும்' என்பதுதான் அவற்றின் உயிர். சும்மா கேட்கவில்லை, அதற்கு முன்பே 'சோதனைக் கல்லூரி' என்று தாங்களே வகுப்பெடுத்துப் பழகியிருந்தார்கள்.

டிசம்பர் 2. கல்லூரியின் தற்காலிகத் தலைவர் ஹயகாவா மாணவர்களின் ஒலிபெருக்கி வண்டிமேல் ஏறி, ஒயர்களைப் பிடுங்கினார். அவர் சொற்பொருளியல் அறிஞர். சொல்லைப் படித்த மனிதர் அடுத்தவர் சொல்லை அறுத்தாரே என்று, அந்தப் புகைப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். முப்பது வருஷம் கரும்பலகை முன் நின்றவன் நான்.

ஜனவரியில் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். 1969 மார்ச்சில் உடன்பாடு; அதே ஆண்டு இனவியல் கல்விக்கான தனிப் பிரிவு பிறந்தது. கறுப்பர், ஆசிய அமெரிக்கர், லத்தீன் மக்கள், பூர்வகுடிகள் எல்லோருடைய வரலாறும் பாடமானது. இன்றும் நடக்கிறது. கறுப்பினவியல் துறைக்கு வடிவம் கொடுத்த நேத்தன் ஹேருக்கு மட்டும் அங்கே வேலை நீடிக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.