ஷீட் என்றால் துணி அல்ல

கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் சிலர் ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகில் பாய்மரப் பயிற்சிக்குப் போகிறார்கள். அவர்களுக்காக ஓர் ஆங்கிலக் கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறேன். ‘மெயின்ஷீட்’டை ‘பிரதான விரிப்பு’ என்றும், ‘போர்ட் சைடு’ என்பதைத் ‘துறைமுகப் பக்கம்’ என்றும் போட்டிருந்தேன். பழைய கட்டுமரக்காரர் ஒருவர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். ‘டேக்’, ‘கரண்ட்’ இரண்டுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

வாசகர், காசிமேடு

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் சிரித்ததோடு விட்டாரே! ஷீட் என்பது கயிறு. பாயின் கீழ்ப்பக்கத்தை இழுக்கவும் தளர்த்தவும் கையில் வைத்திருப்பது. தமிழில் அதற்குத் தாமான் என்று பெயர் உண்டு. பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான், அது வேறு. ஆப்டிமிஸ்டில் இருப்பதே ஒரு பாய், அதனால் ‘பிரதான’வும் வேண்டாம்.

படகின் நீளம் 2.3 மீட்டர்தான், பாய் 3.3 சதுர மீட்டர். காற்று திடீரென அறையும்போது பயிற்சியாளர் ‘ஷீட்டை விடு’ என்று கத்துவார். தாமானைத் தளர்த்தினால் பாய் படபடத்துக் காற்றை விட்டுவிடும், படகு நிமிரும். ‘விரிப்பு’ என்று படித்த பிள்ளை பாயைப் பார்த்துக்கொண்டிருப்பான். கயிறு இறுகியபடியே இருக்க, படகு கவிழும். தாமானைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

‘டேக்’ கொஞ்சம் வம்பு பிடித்த சொல். ஒன்று, பாயின் முன்கீழ் மூலை. அதற்குக் கோசு என்ற சொல் இருக்கிறது. இரண்டு, படகின் முனை காற்றைக் குறுக்கே கடந்து திரும்புவது. சுக்கான் பிடியைப் பாய் இருக்கும் பக்கம் தள்ளினால் இது நடக்கும். எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே போனால் காற்று பின்னாலிருந்து பக்கம் மாறும்; பாயின் அடிக்கழி சடாரென்று வீசித் தலையில் அடிக்கும். அது ‘ஜைப்’. ‘முன்திருப்பம்’, ‘பின்திருப்பம்’ என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் போதும். மூன்று, காற்று எந்தப் பக்கம் வாங்குகிறோம் என்பது. வலப்பக்கம் காற்று வாங்கினால் ‘ஸ்டார்போர்டு டேக்’. அப்போது பாய் இடப்பக்கம் இருக்கும். இங்கேதான் பலரும் தலைகீழாக எழுதுகிறார்கள்.

போர்ட், ஸ்டார்போர்டை மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். படகின் முனையைப் பார்த்து நின்றால் இடது போர்ட், சிவப்பு விளக்கு. வலது ஸ்டார்போர்டு, பச்சை. நாம் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாலும் இது மாறாது. இரண்டு பாய்ப்படகுகள் வெவ்வேறு பக்கம் காற்று வாங்கி எதிர்ப்பட்டால், போர்ட் பக்கம் காற்று வாங்குபவர் விலக வேண்டும். போட்டியில் மற்றவர் ‘ஸ்டார்போர்டு!’ என்று கத்துவது அதற்குத்தான். அதைக் கேட்டவுடன் கை சுக்கானுக்குப் போக வேண்டும், அகராதிக்கு அல்ல.

கடைசியாக, கரண்ட். நம் கடற்கரையில் அது ‘வெள்ளம்’ (மழை வெள்ளம் அல்ல). தெற்கேயிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே வருவது வண்ணி. வாடைக்காற்றைப் போலவே வரும் திசையை வைத்த பெயர்கள். கடல்வரைபடமோ காற்றுக்கு வரும் திசையைச் சொல்லும், நீரோட்டத்துக்குப் போகும் திசையைச் சொல்லும். ஆகவே கையேட்டில் வடக்கு நீரோட்டம் என்று வந்தால் வண்ணி என்று போட்டுவிடாதீர்கள். அது தெண்டி. அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பக்கத்தைச் சிரித்தவரிடமே ஒருமுறை காட்டுங்கள்.