கல்லாவை விட்டு எழுந்திருங்கள்: பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

நெல்லை டவுன் ரத வீதியில் முப்பத்திரண்டு வருடம் பாத்திரக்கடை வைத்திருந்தேன். இப்போது மகன் பார்க்கிறான். சின்ன அளவில் தொழில் செய்கிறவர்கள் என்னிடம் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணாச்சி, அப்பளம் போடுகிறோம். பதினான்கு பெண்கள் மாவை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்துத் தருகிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது கிலோ. ஆனி, ஆடியில் சாரல் வந்தால் பாதிப் பேர் பீடி சுற்றப் போய்விடுகிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் இல்லை. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டிக் கொடுத்தும் யாரும் திரும்பவில்லை.

இரண்டு ரூபாய் கூட்டியதில் தப்பில்லை. ஆனால் வலி ஓர் இடம், நீங்கள் தைலம் தேய்த்தது வேறு இடம். பீடியில் மழை அடித்தாலும் திண்ணையில் உட்கார்ந்து சுற்றலாம், பி.எஃப். பிடிக்கிறார்கள், கையில் பாஸ் புத்தகம் இருக்கிறது. உங்களிடம் வெயில் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதை யோசித்துத்தான் போகிறார்கள்.

நீங்கள் கூட்டிய அதே இரண்டு ரூபாயை வெயில் மாதங்களில் தனியாக எடுத்து வையுங்கள். மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் 1,000 கிலோ. பத்து மாதத்தில் 20,000 ரூபாய் சேரும். பதினான்கால் வகுத்தால் ஆளுக்கு 1,400 ரூபாய்க்கு மேல். சாரல் வாரங்களில் சனிக்கிழமை சனிக்கிழமை அதைப் பிரித்துக் கொடுங்கள். உளுந்து புடைப்பது, பாக்கெட் போடுவது, லேபிள் ஒட்டுவது எல்லாவற்றையும் அந்த வாரங்களுக்கென்று ஒதுக்கி, அதற்கும் கூலி போடுங்கள். முக்கியமாக, இந்த ஏற்பாட்டைப் பங்குனியிலேயே எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். சாரல் ஆரம்பித்த பிறகு சொன்னால், ஆள் கிடைக்காமல் கெஞ்சுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி: பரோட்டா மாஸ்டர் 40,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இரண்டே மாதத்தில் வேறு கடைக்குப் போய்விட்டார். புதிதாக வருகிறவர் 50,000 கேட்கிறார். ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. அட்வான்ஸைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் வேலை வாங்குவது 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அட்டையைப் பிடுங்கி வைத்தவன் கடையில் யார் மனசு வைத்து மாவு அடிப்பார்கள்?

அட்வான்ஸ் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது. மாதம் எவ்வளவு கழியும் என்று நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், மாவு பிசைகிற பையனுக்கு மூன்று மணி வாக்கில், கூட்டம் இல்லாதபோது, கல்லைக் கொடுங்கள். முதல் இருபது பரோட்டா கந்தலாகத்தான் வரும், வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சால்னா ஊற்றிச் சாப்பிடுங்கள். ஆறு மாதத்தில் உங்களிடம் இரண்டு மாஸ்டர் இருப்பார்கள். ஒரே மாஸ்டரை நம்பிய கடையில் அவர்தான் முதலாளி.

ஒன்று கேட்கட்டுமா? அந்த மாஸ்டர் போன வாரத்தில் கடையில் என்ன நடந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. என் கடையில் எடை போடுகிற பையனை வாடிக்கையாளர் முன்னால் வைத்து ஏசினேன். ஆனித் தேரோட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் நின்றுவிட்டான். தராசில்தான் கோளாறு என்பது பிறகு தெரிந்தது.

பேட்டையிலிருந்து லேத் பட்டறை வைத்திருப்பவர்: பெரிய கம்பெனி ஒன்றுக்கு ஜாப் வொர்க் செய்கிறேன். பணம் வர நான்கு மாதம் ஆகிறது. கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.

உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், காசு கிடையாது. குறு, சிறு தொழில்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006-ஆம் வருடச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

வட்டி கேட்டுச் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. 2023-24 நிதியாண்டு முதல், கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை அந்தக் கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். அதனால் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்து, முதலாளியிடம் போகாமல் அவர்களுடைய கணக்குப் பிரிவில் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். மார்ச் மாதம் வந்தால் அவர்களே உங்களைக் கூப்பிடுவார்கள்.

ஜவுளிக்கடை வைத்திருப்பவர்: வாடிக்கையாளர் இல்லாதபோது வேலை பார்க்கிற பெண் பிள்ளைகள் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இல்லையே?

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நாற்காலி வாங்கிப் போடுங்கள் ஐயா. நீங்கள் மட்டும் கல்லாவில் நின்றுகொண்டா இருக்கிறீர்கள்?

அம்பாசமுத்திரம், மளிகைக்கடை: மச்சான் கடன் சொல்லியே வாங்குகிறார்.

வீட்டுக்காரியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அவருடைய அண்ணன்தானே!

பாவூர்சத்திரத்திலிருந்து ஹார்டுவேர் கடைக்காரர்: பதினொரு வருடமாக ஒரு நாள் கூட நான் கடையை விட்டு நகர்ந்ததில்லை. மகள் பட்டமளிப்புக்குக்கூடப் போகவில்லை. ஆட்கள் நல்லவர்கள்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

கேட்கும்படி வைத்திருக்கிறீர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை குற்றாலத்துக்குப் போய் மூன்று மணி நேரம் இருங்கள். போனை எடுக்காதீர்கள். உங்களிடம் என்னவெல்லாம் கேட்க நினைத்தார்களோ, அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து பார்த்தால் பாதி விலை சம்பந்தப்பட்டதாக இருக்கும், மீதி தள்ளுபடி. விலையை எழுதி ஒட்டுங்கள். 300 ரூபாய் வரை தள்ளுபடி என்றால் நீயே முடிவு பண்ணு என்று மூத்த ஆளிடம் சொல்லிவிடுங்கள். அவன் தப்பு செய்தால் 300 ரூபாய் போகும், அவ்வளவுதான்.

நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். பாத்திரத்தின் அடியில் அடக்க விலையை எழுத்துக் குறியாக எழுதி வைப்போம். அந்தக் குறி எனக்கு மட்டும்தான் தெரியும், அதில் ஒரு பெருமை வேறு. ஒரு தை மாதம் மஞ்சள்காமாலை வந்து பன்னிரண்டு நாள் படுத்துவிட்டேன். கல்யாணச் சீர் வாங்க வந்தவர்களெல்லாம் விலை சொல்ல ஆளில்லாமல் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். எழுந்து வந்ததும் கடையில் மூத்தவரிடம் குறியைச் சொல்லிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் அவர் தயங்கித் தயங்கி வந்து சொன்னார்: பித்தளை விலை ஏறியதைக் கவனிக்காமல், குத்துவிளக்கைப் பழைய குறியை வைத்தே மூன்று வருடமாக நான் அடக்கத்துக்கும் கீழே விற்றுக்கொண்டிருந்தேனாம்.