ராத்திரியைக் கழித்தால் ஆம்ஸ்டர்டாமில் என்ன மிச்சம்?

வணக்கம் சார்,

உங்கள் பயணக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. மகள் நெதர்லாந்தில், ஐண்ட்ஹோவனில் வேலை பார்க்கிறாள். நானும் கணவரும் இந்த வருஷம் அவளிடம் போகிறோம். ஆம்ஸ்டர்டாமில் மூன்று நாள் தங்க அறை போட்டிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் கணவரின் வாக்கிங் நண்பர்கள் "ஆம்ஸ்டர்டாமா? வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நாத்தனார் போனில் குரலைத் தாழ்த்தி "அந்த ஊரெல்லாம் நமக்கு எதுக்கு அண்ணி" என்கிறாள். யூடியூபைத் திறந்தால் எல்லா வீடியோவிலும் அதே சிவப்பு விளக்கு, அதே புகை. நாங்கள் சைவம். குடிப்பதில்லை. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவோம். எனக்கு முழங்கால் வலி வேறு. ராத்திரியைக் கழித்துவிட்டால் எங்களைப் போன்றவர்கள் பார்க்க அந்த ஊரில் என்ன இருக்கிறது? அறையை ரத்து செய்யச் சொல்லிவிடலாமா?

பெயர் போட வேண்டாம்.

வாசகி, திருச்சி

*

வணக்கம் அம்மா,

அறையை ரத்து செய்யாதீர்கள். வீடியோக்காரர்கள் காட்டும் தெருக்கள் மொத்த ஊரில் சில சந்துகள்தான். ஆனால் "அந்தப் பக்கமே போகாமல் மியூசியம் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. முதல் நாள் காலையிலேயே அங்கேதான் போகச் சொல்வேன். ஊரின் மிகப் பழைய பகுதி அதுதான்.

காலை பத்து மணிக்கு அந்தச் சந்துகளில் கூட்டம் இருக்காது. மாநகராட்சி வண்டி தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கும், கடைகளுக்குப் பீர் பீப்பாய் இறங்கிக்கொண்டிருக்கும். பகலிலும் சில சன்னல்களில் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். போட்டோ எடுக்கக் கூடாது, நின்று வெறிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஊர்க்காரர்களுக்கே இந்த வேடிக்கைக் கூட்டம் அலுத்துப்போய்விட்டது. சன்னல்களுக்கு முன்னால் வழிகாட்டிகள் கூட்டம் சேர்த்து அழைத்துப் போவதை 2020இல் தடை செய்தார்கள். 2023இல் அந்தத் தெருக்களில் கஞ்சா புகைப்பதையும் தடை செய்தார்கள். கும்மாளம் போட வரும் பிரிட்டிஷ் இளைஞர்களுக்கு "தயவுசெய்து வராதீர்கள்" என்று விளம்பரமே கொடுத்தது மாநகராட்சி.

அந்தச் சன்னல்களுக்கு நடுவில், கையெட்டும் தூரத்தில், அவுடே கெர்க் என்ற பழைய தேவாலயம் நிற்கிறது. 1306இல் அர்ச்சிக்கப்பட்டது. தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள். அவற்றின் மேல்தான் நடக்க வேண்டும். ஓவியர் ரெம்பிராண்டின் மனைவி சஸ்கியா இங்கே அடக்கமாகியிருக்கிறார். ரெம்பிராண்ட் கடனில் மூழ்கி 1656இல் திவாலாகி, கடைசியில் ஊரின் இன்னொரு கோவிலில் பெயர்கூடப் பொறிக்காத வாடகைக் குழியில் புதைக்கப்பட்டார்.

அங்கிருந்து ஐந்து நிமிஷ நடையில் ஒரு வீடு, இன்று 'ஓன்ஸ் லீவ் ஹேர் ஓப் சோல்டர்' என்ற மியூசியம். இந்த மூன்று நாளில் ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து பார்த்தால் கால்வாயோரத்து வணிகர் வீடு, பக்கத்து வீடுகளைப் போலவே. உள்ளே ஏறிப் போனால் மாடத்தில் முழு கத்தோலிக்கத் தேவாலயம்! 1578இல் ஊர் புராட்டஸ்டண்ட் கைக்கு மாறியதும் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடக் கூடாது என்று ஆகிவிட்டது. யான் ஹார்ட்மன் என்ற வணிகர் தன் வீட்டோடு பின்னாலிருந்த இரண்டு வீடுகளையும் சேர்த்து, மூன்றின் மேல்தளங்களையும் ஒன்றாக்கி 1663இல் இதைக் கட்டி முடித்தார். பலிபீடம், இரண்டடுக்கு மாடம், வெளிறிய ரோஜா நிறச் சுவர். இடம் போதாததால் பிரசங்க மேடையைப் பலிபீடத் தூணின் அடிப்பாகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். தேவைப்படும்போது கதவு மாதிரி வெளியே இழுத்துக்கொள்வார்கள். மரவேலை செய்த ஆசாரியின் கெட்டிக்காரத்தனத்தை அதன் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். படிகள் குறுகல், செங்குத்து. உங்கள் முழங்காலுக்குக் கஷ்டம்தான். ஆனால் கைப்பிடி இருக்கிறது, அவசரப்படுத்த ஆளில்லை. மெதுவாக ஏறுங்கள்.

அத்தனை பேர் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா? அதிகாரிகளுக்கு நன்றாகவே தெரியும். இப்படி மறைந்து கும்பிட்டவர்கள் அவர்களுக்குப் பணமும் கட்டினார்கள். நம்மூர் பாஷையில் மாமூல். கண்ணில் படாமல் நடந்தால் சரி, நாங்கள் பார்க்கவில்லை என்று ஓர் ஏற்பாடு. இன்றைக்கு உங்கள் கணவரின் நண்பர்கள் சிரிக்கிற விஷயத்திலும் அதே ஏற்பாடுதான் ஓடுகிறது. அந்நாட்டில் கஞ்சா விற்பது சட்டப் புத்தகத்தில் இன்னும் குற்றம். விளம்பரம் கூடாது, பதினெட்டு வயது ஆகாதவருக்குக் கொடுக்கக் கூடாது, ஒருவருக்கு ஐந்து கிராமுக்கு மேல் கூடாது என்ற நிபந்தனைகளோடு வழக்குப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். வணிகர்கள் ஆண்ட ஊர். எதைத் தடுத்தால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்தது. அதைப் பரந்த மனசு என்று சொல்ல எனக்குத் தயக்கம். ஆனால் அந்தக் கணக்கில் நிறையப் பேர் பிழைத்தார்கள்.

அப்படிப் பிழைத்தவர்களில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மத விசாரணைக்குத் தப்பி வந்த யூதர்கள் உண்டு. கத்தோலிக்கர் மாடத்தில் ஒளிந்து கும்பிட்ட அதே காலத்தில், 1675இல், இவர்கள் பெரிய தொழுகைக் கூடத்தை ஊரறியத் திறந்தார்கள். இன்றும் அதன் பிரதான கூடத்தில் மின்விளக்கு கிடையாது. பித்தளைச் சரவிளக்குகளில் சுமார் ஆயிரம் மெழுகுவத்திகள் ஏற்றுகிறார்கள். மரத்தரையில் மெல்லிய மணல் தூவியிருக்கும், செருப்புச் சத்தத்தையும் அழுக்கையும் வாங்கிக்கொள்வதற்காக. வெயில் அடிக்கும் நாளில் போங்கள். உயரமான சன்னல்கள் வழியாக வெளிச்சம் அந்த மணலில் விழுவது அழகு.

வெளியே வந்தால் சதுக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்ட துறைமுகத் தொழிலாளி ஒருவரின் சிலை. 1941 பிப்ரவரியில் ஜெர்மானியர் யூத ஆண்களை வளைத்துப் பிடித்தபோது டிராம் ஓட்டுநர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு நாளில் அடக்கிவிட்டார்கள். அந்த ஊரில் இருந்த ஏறக்குறைய 80,000 யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ஆன் பிராங்க் ஒளிந்திருந்த வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மகளை இப்போதே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். ஊர் முழுக்கச் சதுப்பு. 1613 வாக்கில் தொடங்கி மண்ணை வாரி, கால்வாய் வெட்டி, மரக்கம்பங்களை அடித்து இறக்கி அதன் மேல் வீடு கட்டினார்கள். மேலே சேறு, சுமார் பன்னிரண்டு மீட்டர் கீழே மணல். அந்த மணலைத் தொடும்வரை கம்பம் இறங்க வேண்டும். டாம் சதுக்கத்து அரண்மனை 13,659 கம்பங்களின் மேல் நிற்கிறது. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த எண்ணை மனப்பாடம் செய்ய ஒரு வழி சொல்லிக் கொடுப்பார்கள்: வருஷத்தின் நாட்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்பது.

மரம் இத்தனை காலம் எப்படித் தாங்குகிறது என்று கேட்பீர்கள். தண்ணீருக்குள் முழுகிக் கிடக்கும்வரை ஒன்றும் ஆகாது. நீர்மட்டம் இறங்கிக் கம்பத்தின் தலை காற்றில் பட்டால் பூஞ்சை பிடித்து உளுத்துவிடும். அதனால் கால்வாய் மட்டத்தை மதகுகளையும் பம்புகளையும் வைத்து ஒரே அளவில் நிறுத்துகிறார்கள். ஊரின் பழைய நீர்மட்டக் குறி ஒன்று உண்டு, அதைவிட சுமார் 40 சென்டிமீட்டர் கீழே. இன்று நெதர்லாந்து முழுக்க உயரத்தை அந்தக் குறியிலிருந்துதான் அளக்கிறார்கள். நகராட்சி மன்றமும் இசை நாடக அரங்கும் ஒட்டியிருக்கும் கட்டடத்தின் நடைவழியில் அதற்கு ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறார்கள். பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள். இரண்டு குழாய்கள் கடல் இந்த நிமிஷம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று காட்டும். மூன்றாவது உங்கள் தலைக்கு மேல் உயர்ந்து போகும். 1953 வெள்ளத்தில் நாட்டின் தென்மேற்கே ஜீலாந்து மாகாணத்தில் கடல் ஏறிய உயரம் அது, 4.55 மீட்டர். அந்த வெள்ளத்தில் அந்நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. என்னைப் பொறுத்தவரை படகுச் சவாரியைவிட இது முக்கியம்.

கால்வாய் வீடுகளைப் பார்க்கும்போது தலையைத் தூக்கி உச்சியைப் பாருங்கள். அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் முகட்டில் ஓர் உத்தரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் நுனியில் கொக்கி. படிக்கட்டில் பீரோ ஏறாது என்பதால் கயிறு கட்டிச் சன்னல் வழியே ஏற்றுவார்கள். தூக்கும் சாமான் சுவரில் இடிக்கக் கூடாதே என்று பல வீடுகளின் முகப்பை வேண்டுமென்றே தெருப்பக்கம் சற்றுச் சாய்த்துக் கட்டினார்கள். இடது வலதாகச் சாய்ந்து நிற்கும் வீடுகள் வேறு கேஸ். அங்கே அடியில் கம்பம் இறங்கிவிட்டது. யாராவது வீடு மாற்றுவதைப் பார்க்க வாய்த்தால் நின்று பாருங்கள். இப்போது ஏணி லிஃப்ட் வந்துவிட்டது, ஆனாலும் சோபா சன்னல் வழியாகத்தான் உள்ளே போகிறது.

நடந்து கால் வலித்தால் ரோகின் மெட்ரோ நிலையத்துக்குள் இறங்குங்கள். 2018இல் திறந்த தடம். தோண்டும்போது ஆம்ஸ்டல் ஆற்றின் பழைய படுகையிலிருந்து ஏறக்குறைய ஏழு லட்சம் பொருட்கள் கிடைத்தன. அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றை நகரும் படிக்கட்டுகளுக்கு நடுவில் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாவி, பல், பானை ஓடு, புகைக்குழல், கைபேசி. நீங்கள் படியில் சும்மா நின்றால் போதும், நூற்றாண்டுகள் தானாகவே பக்கத்தில் நகர்ந்து போகும். அங்கேயெல்லாம் வங்கி அட்டையைத் தட்டியே மெட்ரோவிலும் டிராமிலும் போகலாம்.

திருச்சிக்காரர் என்பதால் இன்னொன்று. அவுடே ஹோக்ஸ்ட்ராட் என்ற தெருவில் பழைய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. இன்று பல்கலைக்கழகக் கட்டடம். வாசல் வளைவு வழியாக முற்றத்துக்குள் போய் நிற்கலாம். பழவேற்காட்டுத் துணியை எவ்வளவு வாங்குவது, 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்த நாகப்பட்டினத்தில் கோட்டைக்கு எவ்வளவு செலவு செய்வது என்பதையெல்லாம் இந்த ஊரில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். துணியோடு ஆட்களையும் வாங்கினார்கள். சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த வருஷங்களில் தங்களையே விற்றுக்கொண்டவர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். கால்வாய் வீடுகளின் அலங்காரத்தை ரசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அடிமை வியாபாரத்தில் தங்கள் ஊருக்கிருந்த பங்குக்காக மேயர் ஃபெம்கே ஹால்செமா 2021இல் மன்னிப்புக் கேட்டார்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். 1873 முதல் வட இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சுரினாமுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், அந்நாடு 1975இல் விடுதலை அடைந்ததை ஒட்டி ஆயிரக்கணக்கில் இங்கே வந்தார்கள். அவர்கள் கடைகளில் ரொட்டி கேளுங்கள். உள்ளே பட்டாணிப்பருப்புப் பொடி வைத்துச் சுட்டது, பெரிதாக, மெத்தென்று. கூடவே மசாலா உருளைக்கிழங்கு, நீளக் காராமணிப் பொரியல். கோழி வேண்டாம், முட்டையும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முட்டை சொல்லாமலே வந்து உட்காரும். கையால்தான் சாப்பிட வேண்டும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆல்பர்ட் கெய்ப் சந்தைப் பக்கம் இந்தக் கடைகள் உண்டு.

மற்றவை சுருக்கமாக. ரெய்க்ஸ்மியூசியம் போங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், முழங்கால் தாங்காது. மெழுகு பொம்மை மியூசியம், பீர் கம்பெனிச் சுற்றுலா இரண்டையும் விட்டுவிடலாம். மத்திய ரயில் நிலையத்தின் பின்வாசலிலிருந்து அகலமான நீர்ப்பரப்பைக் கடக்க இலவசப் படகு ஓடுகிறது. சாயங்காலம் அதில் போய்விட்டு அதிலேயே திரும்புங்கள், உங்கள் தூக்க நேரத்துக்கு முன்னால் முடிந்துவிடும். சிங்கல் கால்வாயில் ஒரு படகு முழுக்கப் பூனைகள். ஆதரவற்ற பூனைகளுக்காக அறுபதுகளில் ஒரு பெண்மணி தொடங்கிய காப்பகம், இன்னும் மிதக்கிறது. பார்வையாளர் நேரம் குறைவு, பார்த்துக்கொண்டு போங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை, அதுவும் கஞ்சாவைப் பற்றியதல்ல. செம்மண் நிறத்தில் இருக்கும் பாதை சைக்கிளுக்கு உரியது. அதில் நின்று போட்டோ எடுத்தால் மணியடிப்பார்கள், விலகாவிட்டால் திட்டுவார்கள், இடித்தாலும் இடிப்பார்கள். 1971இல் அந்நாட்டுச் சாலைகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடித்தான் அந்தப் பாதைகள் பரவின. அதனால் உரிமையோடு ஓட்டுகிறார்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதவில்லை. ஏப்ரல் 27 அரசர் பிறந்தநாள். ஊரே ஆரஞ்சுச் சட்டையில் தெருவில் இருக்கும், அன்றைக்கு மட்டும் ஐண்ட்ஹோவனிலேயே இருந்துவிடுங்கள். எந்த மாதமானாலும் குடை வேண்டாம், காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலையை மூடும் மழைக்கோட்டு ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.