அடுக்களைக் கேள்விகள்: ஒரு தம்ளர் அரிசி எத்தனை கிராம்?

கேள்வி: ஆப்பத்துக்கு 400 கிராம் பச்சரிசி என்று குறிப்பில் இருந்தது. வீட்டில் தராசு இல்லை. 200 மில்லி தம்ளரால் இரண்டு முறை அளந்து ஊறப்போட்டேன். தேங்காயும் தண்ணீரும் குறிப்பில் உள்ளபடிதான் சேர்த்தேன். மாவு கஞ்சித் தண்ணீர்போல ஆகிவிட்டது. "நாழியால் அளந்திருந்தால் இப்படி ஆகுமா?" என்கிறார் மாமியார். எங்கே பிழை?
– வாசகி, குலசேகரம்

பதில்: தம்ளர்மேல் குற்றமில்லை, மகளே. மில்லியும் கிராமும் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள். அது தண்ணீருக்குப் பொருந்தும் கணக்கு. அரிசிமணிகளுக்கு இடையில் காற்றும் இடம் பிடித்துக்கொள்வதால், 100 மில்லி அளவில் 80 முதல் 85 கிராம் அரிசிதான் கொள்ளும். இரண்டு தம்ளரில் நீங்கள் போட்டது ஏறக்குறைய 330 கிராம். 70 கிராம் குறைந்தால் மாவு ஓடாமல் என்ன செய்யும்? இரண்டரைத் தம்ளருக்குச் சற்றுக் குறைவாகப் போட்டிருக்க வேண்டும்.

நானும் இதே குழியில் விழுந்தவள்தான். சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்த முதல் வாரம் அது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி. அன்றைக்கு 60 பிள்ளைகள். ஆக 6 கிலோ. லிட்டர் பாத்திரத்தால் ஆறு முறை அள்ளிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை எழுத உட்கார்ந்துவிட்டேன். பந்தியின் கடைசியில் பத்துப் பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள், பானையில் சோறில்லை. "இது மண்ணெண்ணெய் அளக்கிற பாத்திரம் டீச்சர், இதில் கிலோ ஏது?" என்றார் சமையல்கார அக்கா. மறுநாளே ஒரு கிலோ அரிசியை நிறுத்து, ஒரு டப்பாவில் கொட்டி, மட்டம் நின்ற இடத்தில் ஆணியால் கீறி வைத்தேன். ஓய்வு பெறும்வரை அந்தக் கீறல்தான் எனக்குத் தராசு.

உங்களுக்கும் அதையே சொல்வேன். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்து உங்கள் தம்ளரால் அளந்து எண்ணுங்கள். ஆறு தம்ளர் வந்தால் ஆயிரத்தை ஆறால் வகுங்கள். ஒரு தம்ளர் 167 கிராம். சம்பா அரிசிக்கும் பச்சரிசிக்கும் பிரியாணி அரிசிக்கும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். நீளமான அரிசி அதே தம்ளரில் கொஞ்சம் எடை குறைவாக நிற்கும். தம்ளரைத் தட்டிக் குலுக்காதீர்கள்; குலுக்கினால் அரிசி இறங்கி இன்னும் ஒரு பிடிக்கு இடம் விடும். விரலால் தலையை வழித்துவிடுங்கள். மின்சாரக் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கிண்ணம் பெரும்பாலும் 180 மில்லிதான், அதாவது சுமார் 150 கிராம். சமையல் குறிப்புகளில் வரும் 240 மில்லி கப்போடு அதைக் குழப்பிக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் நிறைய.

மாமியாரின் நாழிக்கு வருவோம். 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பே இங்கே புழங்கிய கணக்கு இது. பழைய நாழிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. எங்கள் வீட்டு நாழியும் என் நாத்தனார் வீட்டு நாழியும் ஒத்துப்போனதே இல்லை (நாங்களும்தான்). போதாததற்கு, மங்கல காரியத்துக்கு நிறைநாழி வைத்துப் பழகிய கை, சமையலுக்கும் குவித்தே அளக்கும். அந்த நாழியையும் ஒரு முறை கிலோ அரிசியால் சோதித்துவிடுங்கள். ஆனால் மாமியார் முன்னால் வேண்டாம்.

கேள்வி: ஊறிய அரிசியை அளந்து போடலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: கூடாது. ஊறினால் அரிசி பருக்கும், தண்ணீரின் எடையும் ஏறும். ஊறப்போடும் முன்பே அளந்துவிடுங்கள். மறந்துவிட்டீர்கள் என்றால் ஆப்பத்தை விட்டுவிட்டு அன்றைக்குத் தோசை சுடுங்கள். தோசை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.