தீவனம் வைக்கும் கையைக் கடிக்கும் பெண் முயல்

கேள்வி: ஒட்டன்சத்திரம் அருகே முருங்கையும் காய்கறியும் பயிரிட்டு வருகிறோம். மகளின் ஆசைக்காக இரண்டு மாதக் குட்டிகளாக ஒரு சோடி வெள்ளை முயல்களை வாங்கி வளர்த்தோம். ஐந்தாம் மாதத்தில் ஆண் முயலைத் தனிக் கூண்டுக்கு மாற்றி, இரண்டு கூண்டுகளையும் ஒட்டியபடியே வைத்திருக்கிறோம். இப்போது ஏழு மாதமாகும் பெண் முயல், சில வாரங்களாகத் தீவனத் தட்டை உள்ளே வைத்தவுடன் உறுமிக்கொண்டு பாய்ந்து கையைக் கடிக்கிறது. கூண்டைப் பெருக்கினால் துடைப்பத்தையும் தாக்குகிறது. ஆனால் வெளியே விட்டால் மகளின் பக்கத்திலேயே வந்து படுத்துக்கொள்கிறது. காலையில் ஒரு வேளை கம்பும் கடலைப் பிண்ணாக்கும் முட்டைக்கோசு இலையும் கொடுக்கிறோம். மூக்கில் தட்டினால் அடங்கிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். விற்றுவிடலாமா என்றும் யோசிக்கிறோம். என்ன செய்வது?

பதில்: வெளியே விட்டால் அமைதியாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. குணமே மூர்க்கமான விலங்கு இடம் பார்த்துச் சாந்தமாவதில்லை. உங்கள் முயல் தன் இடத்தையும் தன் உணவையும் காவல் காக்கிறது. ஆகவே அதை விற்க வேண்டாம் என்பதும், மூக்கில் ஒருபோதும் தட்ட வேண்டாம் என்பதும் என் உறுதியான கருத்து. அடி வாங்கிய முயல், கை வந்தால் வலிக்கும் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் முந்திக்கொண்டு கடிக்கும்.

நாம் வளர்க்கும் முயல்கள் அனைத்தும் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் ஐரோப்பியக் காட்டு முயலின் வழிவந்தவை. அந்தக் கூட்டத்தில் குட்டி ஈனுவதற்கு ஏற்ற வளைக்காகப் பெண் முயல்கள் தம்முள் கடுமையாகச் சண்டையிடும். பெரும்பாலான இனங்களில் நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் பருவம் வந்துவிடுகிறது. அதுவரை யார் கையிலும் துவண்டு கிடந்த குட்டி, அதன்பிறகு தாடைக்கு அடியிலுள்ள சுரப்பியைக் கூண்டின் கம்பிகளிலும் தட்டிலும் தேய்த்து, இது என்னுடையது என்று மணத்தால் எழுதி வைக்கத் தொடங்குகிறது. பண்ணைகளில் இனச்சேர்க்கைக்காகப் பெண் முயலை ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோவார்களே தவிர, ஆணைப் பெண்ணின் கூண்டில் விடமாட்டார்கள். விட்டால் பெண் முயல் ஆணைக் கடித்துக் காயப்படுத்திவிடும். அதே கூண்டுக்குள்தான் உங்கள் கையும் துடைப்பமும் முன்னறிவிப்பின்றி நுழைகின்றன.

முதலில் தீவன முறையை மாற்றுங்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். கம்பும் பிண்ணாக்கும் நார்ச்சத்து குறைந்தவை. சில நிமிடங்களில் தின்று முடிந்துவிடும். முயலின் குடலோ நாள் முழுவதும் சிறிது சிறிதாக நார் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற அமைப்பைக் கொண்டது. பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், புல்லை அரைத்துத் தின்றால்தான் தேய்ந்து அளவாக இருக்கும். மேலும் முயல் பெரும்பாலும் அந்தி முதல் விடியல் வரை மேயும் பிராணி. காலையில் ஒரு வேளை மட்டும் கொடுத்தால், அது பசித்து மேயும் நேரம் முழுவதும் தட்டு காலியாக இருக்கும். மறுநாள் காலையில் வரும் அந்த ஒரு தட்டை உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டிய சொத்தாக அது கருதுவதில் வியப்பில்லை.

எனவே, அருகம்புல், கொழுக்கட்டைப்புல் போன்றவற்றை நிழலில் காயவைத்து, இரவும் பகலும் தீராதபடி கூண்டில் வைத்திருங்கள். பசும்புல்லைத் தனியாகக் கொடுக்கலாம். முருங்கை, அகத்தி, வேலிமசால் என்ற தீவனச் செடி ஆகியவை சத்து மிகுந்தவை என்பதால் ஒரு கைப்பிடி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். (நம் ஊரில் முயல் மசால் என்றே பெயர் பெற்ற தீவனப் பயிர் ஒன்றும் உண்டு; வரப்பில் சிறிது விதைத்துக்கொண்டால் உங்களுக்கு உதவும்.) அடர்தீவனம், அதாவது செறிவான தீவனம், வேண்டுமென்றால் முயலுக்கென அரைத்துச் சிறு குச்சிகளாக அழுத்திய குச்சித் தீவனத்தை உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராம் என்ற உச்ச அளவுக்குள், காலை மாலை என இரு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். முட்டைக்கோசு வயிற்றில் வாயுவை உண்டாக்கலாம். அதோடு, மருந்து தெளித்த தோட்டத்து இலை முயலுக்கு நஞ்சாகவும் முடியும். இம்மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல், பத்து நாட்களில் படிப்படியாகச் செய்யுங்கள்.

அடுத்தது, தீவனம் கூண்டுக்குள் செல்லும் வழி. கம்பிவலையின் வெளிப்புறத்தில் மாட்டி, வெளியிலிருந்தே நிரப்பக்கூடிய தீவனப் பெட்டியைப் பொருத்திவிட்டால் கை உள்ளே போக வேண்டிய தேவையே பெரிதும் குறைந்துவிடும். குச்சித் தீவனத்தில் ஒரு பகுதியைப் புல்லுக்குள் தூவிவிடுங்கள். தேடித் தின்பதில் நேரம் கழியும், காக்க வேண்டிய ஒற்றைத் தட்டும் இராது. ஆனால் கம்பி இடுக்கு வழியாக விரலால் தின்பண்டம் ஊட்டும் பழக்கத்தை மகளிடம் தவிர்க்கச் சொல்லுங்கள். இடுக்கில் வருவதெல்லாம் தின்னத்தக்கது என்று முயல் பழகிவிடும்.

கையை உள்ளே விட நேரும்போது கவனிக்க வேண்டியது முயலின் பார்வை. கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் பின்புறம் வருவதைக்கூட அது காணும். மூக்கின் நேர் முன்னே இருப்பதை மட்டும் காணாது. அங்கே திடீரென நீளும் கை அதை மிரளச் செய்கிறது. முதலில் குரல் கொடுங்கள். பிறகு பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுவந்து, நெற்றியில் உள்ளங்கையை மென்மையாக வைத்துச் சில நொடிகள் வருடிவிட்டுத் தட்டை வையுங்கள். காதுகளைப் பின்னால் ஒட்ட மடக்கி, வாலை உயர்த்தி உறுமினால் அது பாயப்போகிறது என்று பொருள். அந்நேரம் கையை வெடுக்கென இழுத்தால், பாய்ந்தால் எதிரி ஓடிவிடுவான் என்ற பாடம் அதற்கு உறுதிப்படுகிறது. தடித்த துணிக் கையுறை அணிந்து, கையை அசைக்காமல் அப்படியே வைத்திருந்து, அது அடங்கிய பின் நிதானமாக எடுங்கள். சில வாரங்கள் வீட்டில் அனைவரும் இதையே மாறாமல் செய்ய வேண்டும். ஒருவர் வருடுவதும் இன்னொருவர் விரட்டுவதுமாக இருந்தால் பயன் கிடைக்காது.

கூண்டைப் பெருக்குவதை முயல் தானாக வெளியே வந்து உலவும் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். காதைப் பிடித்துத் தூக்கி வெளியேற்ற வேண்டாம். முழுவதையும் கழுவித் துடைத்தால் தன் மணத்தை இழந்த முயல் மீண்டும் புதிதாக எல்லை வகுக்கத் தொடங்கும் என்பதால், பழைய படுக்கைப் புல்லில் சிறிதளவைத் திரும்ப உள்ளே வையுங்கள்.

ஆண் முயலின் கூண்டை ஒட்டி வைத்திருப்பதும் பதற்றத்துக்கு ஒரு காரணம். தள்ளி வையுங்கள், அல்லது இடையில் பலகை அடையுங்கள். ஆணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் பெண்ணின் கூண்டில் விடாதீர்கள். அந்நிய மணத்தைத்தான் அது பல முறை கடிக்கிறது. இரண்டும் அண்மையில் ஒன்றாக உலவியிருந்தால் சினையாகவும் இருக்கலாம்; சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள். இனச்சேர்க்கை கருத்தரிக்காமல் போனாலும், மற்றொரு முயல் மேலே ஏறினாலும், குட்டி இல்லாமலே சினைபோல நடந்துகொள்ளும் பொய்ச்சினை ஏற்படுவது உண்டு. அது 16 முதல் 18 நாட்கள் நீடிக்கும். அதன் முடிவில் முயல் வாயில் புல் சுமந்து, மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும்; யாரையும் அண்டவிடாது. அந்தக் கூட்டைக் கலைக்காமல் விட்டுவிடுங்கள்.

குட்டிகள் வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், கருத்தடை அறுவைச் சிகிச்சை நிலையான பயனைத் தரும். வயதான பெண் முயல்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் பரவலாக வருவதால் அந்த வகையிலும் அது நல்லது. முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரையே தேடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். முயல் வாந்தி எடுக்காது என்பதால் அறுவைக்கு முன் நாய்போலப் பட்டினி போடத் தேவையில்லை. ஆண் முயலுக்குச் செய்தாலும், ஆறு வாரம் வரை சேர்த்து விடாதீர்கள். அதுவரை சினைப்படுத்தும் திறன் மிஞ்சியிருக்கலாம்.

இவற்றோடு, முயலை ஒருமுறை முழுமையாகச் சோதித்துப் பாருங்கள். வலியும் முயலைக் கடிக்கச் செய்யும். கம்பித் தரையில் நின்று பின்னங்கால் அடியில் புண் வந்திருக்கிறதா, காதின் உட்புறம் பொருக்குத் தட்டிச் சொறி இருக்கிறதா, எச்சில் வழிந்து தாடை நனைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே பழக்கத் தொடங்குங்கள். கூண்டின் ஒரு பகுதியில் மரப்பலகை போட்டுவிட்டால் கால் புண் பெரும்பாலும் வராது.

இதுவரை கடிபட்டவர்கள் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசி குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முயல் பழகும்வரை மகள் கூண்டுக்குள் கைவிட வேண்டாம். வழக்கம்போல் அது வெளியே வந்து பக்கத்தில் படுக்கும் நேரத்தில் அவள் தரையில் அமர்ந்து நெற்றியை வருடட்டும்.